இறங்குமுன் சில வார்த்தைகள்

கொஞ்சம் கவனியுங்கள்.
முகமூடிக் கண்ணாடியில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொள்ளுங்கள்.
வெட்கம் வேண்டாம்,
இதைவிட மோசமானதையெல்லாம் விழுங்கிய கடல்தான் இது.
நான் நுர்ஷின், முன்னால் போவேன்.
படகில் இருப்பவர் கேப்டன் ஸாதெத்தின்.
அவருக்கு நீந்தத் தெரியாது. கேட்டுத் தொலைக்காதீர்கள்.

முதல் இடம் ஜாடித் திட்டு.
ஒன்பது மீட்டரில் நாற்பது மதுஜாடிகள்,
கழுத்துவரை மணலில்.
இரண்டாயிரம் வருடமென்று நீங்களாக நினைத்துக்கொள்வீர்கள்,
நான் மறுக்க மாட்டேன்.
மேலே வந்து யாராவது கேட்டால் மட்டும் சொல்வேன்:
சூளைக்கார வெஹ்பி சுட்டது,
போன தேர்தலுக்கு முந்தைய வருடம்.
நகராட்சி இன்னும் பாக்கி வைத்திருக்கிறது.
நிஜ ஜாடிகள் அருங்காட்சியகத்தில்
கண்ணாடிக்குப் பின்னால் உலர்ந்துபோய் இருக்கின்றன.
இங்கே ஒன்றில் ஆக்டோபஸ் குடியிருக்கிறது.
அது வயது விசாரித்துக்கொண்டு குடிவரவில்லை.

இரண்டாவது, சிங்கமீன் சுவர்.
வரிவரியாய், விசிறி விரித்து, அசையாமல் நிற்கும்.
சூயஸ் வழியாக வந்தவை. விஷமுள், தொடாதீர்கள்.
சுவரில் பார்த்ததை மாலையில்
எலுமிச்சை பிழிந்து தட்டில் பார்க்கலாம்.

மூன்றாவதுக்குத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள்.
இருபத்திரண்டு மீட்டர். சாஹில்-3. கார் ஏற்றும் கப்பல்.
போரா என்று கேட்காதீர்கள், புயலும் இல்லை.
எஞ்சினைக் கழற்றி, எண்ணெயைத் துடைத்து,
பேண்டு வாசித்து, மேயர் ரிப்பன் வெட்டி
நாங்களே மூழ்கடித்தோம், நீங்கள் வருவீர்களென்று.
நான்கு நிமிடம் நாற்பது நொடி.
கைதட்டினோம்.
தண்ணீர் மூடிக்கொண்ட பிறகுதான்
சிலர் மூக்கைச் சிந்தினார்கள்.

ஆறு வருடம் அதில்தான் பள்ளிக்கூடம் போனேன்.
லோதோஸ் காற்றடித்தால் நான் வாந்தியெடுக்கும் கம்பி
வலப்பக்கம், கதவை ஒட்டி.
இப்போது அதன்மேல் மஞ்சள் கடற்பஞ்சு.
முப்பது யூரோவுக்கு நீங்கள் அதைப் படமெடுக்கலாம்.

போன அக்டோபர், ஜெர்மன்காரர்கள் போனபின்
ஹுல்கி வந்தார்.
இருபத்தேழு வருடம் அந்தக் கப்பலில் டிக்கெட் வாங்கியவர்.
வயது அறுபத்து மூன்று, டாக்டர் சான்றிதழ் சட்டைப்பையில்.
மூச்சை மட்டும் அடக்காதீர்கள் என்றேன்.
எத்தனை வருடம் விசிலூதினவன், எனக்கா, என்றார்.

மூன்று வாரம் ஆழமில்லாத இடத்தில் பழகி
ஒருநாள் காலை இறங்கினோம்.
கீழே அவர் மாலுமி அறையைப் பார்க்கவில்லை,
கார்த்தளத்தையும் பார்க்கவில்லை.
நேரே பக்கக் கதவுக்குப் போய் நின்று
கையை நீட்டினார்,
உள்ளங்கை மேலே.

கைச்சைகை பதினெட்டு கற்றுக்கொடுத்திருந்தேன்:
காற்றுக் குறைவு, காது வலி, மேலே போவோம்.
இது அதில் இல்லை.
எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கடைசி வருடம், மார்ச் மாதம் முழுக்க
தக்காளி லாரிகளுக்குப் பின்னால் ஒளிந்து
ஓசியில் போனவள் நான்.
அவருக்குத் தெரிந்திருந்ததா?
முகமூடிக்குள் எல்லோர் கண்ணும் பெரிதாகத்தான் தெரியும்.

என் பையில் வேறென்ன இருக்கும்,
ஒரு கிலோ ஈயக்கட்டி.
செய்யக்கூடாத காரியம், நீங்கள் செய்துவிடாதீர்கள்.
எடுத்து அவர் கையில் வைத்தேன்.
வாங்கினார். எடைபார்த்தார்.
தலையசைத்து ஒதுங்கி வழிவிட்டார்.
அவர் பாதங்கள் தளத்தில் அழுந்தி நின்றன, பழையபடி.
ஒரு கிலோ குறைந்த நான்
ஏறவேண்டிய கதவைத் தாண்டி
மெல்ல மெல்ல மேலே போய்க்கொண்டிருந்தேன்.

சரி, நேரமாகிறது.
காற்று நூறுக்கு வந்ததும் எனக்குக் காட்டுங்கள்.
இரண்டிரண்டு பேராக இருங்கள்.
அந்தக் கம்பியை யாரும் பிடிக்காதீர்கள்,
கடற்பஞ்சு நசுங்கிவிடும்.
ஓரிடத்தில் விரல்தடம் இருக்கும், நான்கு விரல்.
அது என்னுடையது.